மூட்டைக்கு வைத்த திருஷ்டிப் பொட்டு

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், குற்றம் கண்டுபிடிக்கிற வேலை என்று சொல்வேன். போலீஸா என்பார்கள். இல்லை, கம்ப்யூட்டர் என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். கல்யாணமான புதிதில் மனைவியிடமும் இப்படித்தான் சொன்னேன். "அதுக்குச் சம்பளம் வேறே தராளா?" என்றாள் அவள். "எங்காத்துல எல்லாரும் சும்மாவே பண்ணிண்டிருக்கா."

விஷயம் இதுதான். ஒரு மென்பொருளை எழுதத் தொடங்குவதற்கு முன்னால், அது என்னென்ன செய்ய வேண்டும் என்று வாங்கப் போகிறவரிடம் கேட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக எழுதிவைப்பார்கள். தையற்காரர் அளவெடுத்துக் குறித்துக்கொள்வதைப் போல. அளவு தப்பென்றால் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் கை உள்ளே நுழையாது. தேவைக் குறிப்பு என்று அதற்குப் பெயர். அந்த வாக்கியங்களைத் தைப்பதற்கு முன்பே படித்து, எங்கே ஓட்டை, எங்கே வெறும் ஒட்டு என்று சொல்வது என் வேலை. வாக்கியம் ஒரே ஒரு சங்கதியைச் சொல்கிறதா? செய்து முடித்த பிறகு, செய்தாயிற்றா இல்லையா என்று சோதித்துப் பார்க்க முடியுமா? நாலு பக்கம் தள்ளி இருக்கிற இன்னொரு வாக்கியத்தோடு சண்டைக்குப் போகிறதா? கடைசியாக, இதை யார் சொன்னது? எல்லாம் சரி என்றால் ‘ஒப்புதல்’ என்று பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால்தான் புரோகிராம் எழுதுகிறவர்கள் கை வைக்கலாம். எங்கள் கம்பெனியில் அந்தப் பொத்தான் ஒரே ஒரு ஆளின் திரையில்தான் தெரியும். பல வருஷமாக அந்த ஆள் நான்.

அலுவலகம் மட்டாஞ்சேரி பஜாரில், ஒரு பழைய குடோனின் மாடி. கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் கொஞ்ச நாள் தும்மிக்கொண்டே இருப்பார்கள். என் வீடு இரண்டு தெரு தள்ளி. மத்தியானம் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நாற்காலியில் உட்காருகிற அளவுக்கு எனக்கு அங்கே செல்வாக்கு. செல்வாக்குக்குக் காரணம் என் அறிவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லோருக்கும் அது பொத்தான் என்று தெரியும்.

இப்படிச் சுகமாக இருந்த சமயத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள்.

கலூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவள். என் தங்கை மகளாக இருக்கக்கூடிய வயசு. சொந்த இடம் மட்டாஞ்சேரிதான். அப்பா மாநகராட்சியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பேசுவது தமிழ், படிப்பதும் எழுதுவதும் மலையாளம். நானும் தமிழ்க்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சேட்டா, நீங்களும் தமிழாமே. வாங்க, ஒரு சாயா குடிச்சுட்டு வருவோம்."

அலுவலகத்தில் எல்லோரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர்கூட. சேட்டா என்றால் அண்ணன். அன்பான சொல்தான். ஆனால் மீன் விற்கிறவரையும் ஆட்டோ ஓட்டுகிறவரையும் படகில் கயிறு போடுகிறவரையும் அதே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் யாரிடமும் பச்சைப் பொத்தான் கிடையாது. சரி, சின்னப் பெண், போகப் போகத் தெரிந்துகொள்வாள் என்று போய்ச் சாயா குடித்தேன். சாயா நன்றாக இருந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரக் கொஞ்சம் தாமதமானதற்கு அந்தச் சாயாதான் காரணம்.

கோபம் வந்தது அவள் எழுதிய முதல் தேவைக் குறிப்பைப் படித்த அன்றைக்கு. குளிப்பாட்டித் துடைத்து, தலைவாரி உட்கார்த்தின குழந்தை மாதிரி இருந்தது அது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஒரு சங்கதி. ‘தேவைப்பட்டால்’, ‘உரிய முறையில்’, ‘ஏற்ற வேகத்தில்’ என்றெல்லாம் நாங்கள் பரம்பரையாகப் போட்டு மெழுகிவந்த சொற்கள் ஒன்றுகூட இல்லை. பொறாமை சிலருக்குக் கண்ணில் வரும், சிலருக்கு நாக்கில் வரும். எனக்கு வயிற்றில்தான் வரும். வயிற்றெரிச்சல் என்ற சொல்லை உண்டாக்கினவர் தன் உடம்பை நன்றாகக் கவனித்த ஒரு மனிதர் என்று அன்று மத்தியானம் ரசம் மட்டும் சாப்பிட்டபோது தெரிந்துகொண்டேன்.

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். வேறு என்ன செய்ய? அமுக்கும்போது விரலுக்கு மனசே இல்லை.

இங்கே என் சொந்த முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொத்தான் என்னிடம் இருந்தாலும், நானே ஒரு குறிப்பு எழுதினால் அதை மற்றவர்கள் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டும். ரிவ்யூ என்று பெயர். ரிவ்யூவுக்கு வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் தான் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்று காட்டுவதற்கு ஏதாவது ஒன்றைச் சொல்லியே தீருவார்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் நல்ல வாக்கியத்தைக் கொத்துவார்கள். அதனால் நான் ஒரு வழி செய்தேன். குழந்தை அழகாக இருக்கிறது என்று ஊர்க்கண் பட்டுவிடாமல் கன்னத்தில் கருப்பாக ஒரு பொட்டு வைக்கிறோம் இல்லையா, அதேபோல என் ஒவ்வொரு குறிப்பிலும் வேண்டுமென்றே ஒரு மகா முட்டாள்தனமான வாக்கியத்தை வைத்துவிடுவேன். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் படும். எல்லோரும் அதன்மேல் பாய்வார்கள். நான் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அடடா, வயசாயிடுத்து" என்பேன். சிரிப்பார்கள். வாக்கியத்தை எடுத்துவிடுவேன். திருப்தியாகச் சாயா குடிக்கப் போய்விடுவார்கள். மற்றப் பக்கங்களை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்த முறை ஒருதரம்கூடப் பொய்த்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என்னைவிட வயசில் சின்னவர், மலையாளி. அவர் பேசினதை என் தமிழில் தருகிறேன்.

"கீழே குடோன் முதலாளி ஸ்டாக் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் கேக்கறார். மூட்டை உள்ளே வர்றது, குடோன்ல இருக்கறது, அது சார் எழுதட்டும். வித்து வெளியே போறது, அது இவங்க எழுதட்டும். எழுதி முடிச்சு ஒருத்தருக்கொருத்தர் மாத்திப் படிச்சுக் குத்தம் சொல்லுங்க. அப்புறம் முதலாளியை வெச்சு எல்லாரும் உக்காந்து பேசுவோம்."

"சரி" என்றேன்.

"சாரே, இன்னொண்ணு. ஒப்புதல் குடுக்கற வேலை இனிமே யார்கிட்ட இருக்கணும்னு இதைப் பாத்துட்டுத் தீர்மானிக்கலாம்னு இருக்கேன். சாருக்கும் ஒரு ஓய்வு வேணுமில்லையா?"

ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மத்தியானத் தூக்கத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பதற்றம் வந்தால் நான் சிரிப்பேன். ரொம்பப் பதற்றம் வந்தால் ஜோக் அடிப்பேன். அன்றைக்கு அந்த அறையைவிட்டு வெளியே வருவதற்குள் மூன்று நாலு ஜோக் அடித்தேன். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

என் பாதியை எழுதினேன். உள்ளதைச் சொன்னால், போன வருஷம் வேறு ஒரு கடைக்கு எழுதினதை எடுத்துத் துணி மாற்றிவிட்டேன். கீழே பத்துப் படி இறங்கினால் குடோன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் அதன் தலைமேல் உட்கார்ந்து மூச்சு விட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாத சுக்கா? கடைசியில் திருஷ்டிப் பொட்டு. இந்தத் தடவை பெரிதாக வைக்க வேண்டும், பார்க்கப்போவது அவள் கண் அல்லவா என்று யோசித்து, இப்படி ஒரு வாக்கியம் எழுதினேன்: இருப்பில் உள்ள மூட்டையின் எடை, அது உள்ளே வந்தபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தாலும் கணினி அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எழுதிவிட்டு நானே சிரித்தேன். இருட்டறையில் சும்மா படுத்துக்கிடக்கிற மூட்டை எப்படி எடை போடும்? சும்மா படுத்து எடை போடுகிற சாமர்த்தியம் எனக்கு உண்டு, மூட்டைக்கு ஏது? யார் சொன்னது என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். அந்தக் கட்டம் என்னுடைய ஏற்பாடுதான். வாக்கியம் ஒன்று ஆகாயத்திலிருந்து விழக்கூடாது, அதற்கு ஓர் அம்மா அப்பா வேண்டும் என்று பல வருஷம் முன்னால் நான்தான் எல்லோருக்கும் பாடம் நடத்தி அதைச் சேர்த்தேன்.

பாதிகளை மாற்றிக்கொண்டோம். ரிவ்யூவுக்கு அனுப்பினால் குறிப்பு பூட்டிக்கொண்டுவிடும். பேச உட்காருகிற வரைக்கும் எழுதினவரே ஓர் எழுத்தைத் தொட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுடைய பாதியைப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாக எதையும் படித்ததில்லை. வாக்கியத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினேன். விற்ற மூட்டை திரும்பி வந்தால்? எழுதியிருந்தாள். பாதி மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டால்? எழுதியிருந்தாள். ஒரே மூட்டையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் விற்றுவிட்டால்? அதையும் எழுதி, அதை யார் சொன்னார் என்றும் எழுதியிருந்தாள். மனைவி இரண்டு மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"காதல் கடுதாசி மாதிரின்னா வாசிச்சிண்டிருக்கேள்."

"குத்தம் தேடறேன்."

"கிடைச்சுதா?"

"இல்லை."

"அப்போ அந்தப் பொண்ணு நன்னா சேலா எழுதியிருக்கான்னு அர்த்தம்."

"நீ யார் கட்சி?"

"நன்னா எழுதறவா கட்சியாக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினால் நான் படிக்கவில்லை என்று ஆகிவிடும். அதனால் நானும், நான் இத்தனை வருஷம் கேலி செய்த கூட்டத்தில் ஒருவனாகி, ஒரே ஒரு குறை எழுதினேன்: எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் படிக்க வசதி. மறுநாள் காலை பதில் வந்திருந்தது. பூட்டு அவிழ்ந்ததும் பெரிசாக்கிடறேன் சேட்டா, ரொம்ப நன்றி, அம்மாவும் இதையேதான் சொன்னாங்க.

அவளுடைய அம்மாவுக்கு என்ன வயசு என்று நான் விசாரிக்கவில்லை.

என் பாதியைப் பற்றி அவள் எழுதின குறைகள் அன்று மத்தியானம் வந்தன. திரையை இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன, கல்யாணப் பந்தியில் அப்பளம் வருகிற மாதிரி. எடையை விரைவாகக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தேன். எவ்வளவு விரைவாக என்று கேட்டிருந்தாள். தராசில் மூட்டை இருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். மூட்டை கிழிந்து இரண்டாகக் கட்டினால் அது ஒரு மூட்டையா, இரண்டா? எல்லாம் நியாயம். ஒவ்வொன்றும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. நான் அவற்றை எல்லாம் விட்டுவிட்டு என் பொட்டைத் தேடிக்கொண்டு ஓடினேன். அதன் பக்கத்தில் குறை எதுவும் இல்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற அந்தச் சின்னப் படம் மட்டும் இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் தூக்கம் வரவில்லை. அது என்ன விரல்? கிண்டலா? கண்டுபிடித்துவிட்டாளா? கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் சொல்வதற்காக வைத்திருக்கிறாளா? கண்டுபிடிக்கவே இல்லை என்றால் இன்னும் ஆபத்து. அந்த அசட்டு வாக்கியம் அப்படியே சாஃப்ட்வேராகிவிடும், குடோன் முதலாளி மாடியேறி வந்து அடிப்பார். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வீட்டுக்காரரும்கூட. எடுத்துவிடலாம் என்றால் குறிப்பு பூட்டிக் கிடக்கிறது. வயிற்றில் பொறாமை இருந்த இடத்தில் இப்போது பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளாமல் சௌகரியமாகவே இருந்தன.

பேசி முடிவு செய்கிற நாள். நீள மேஜை. ஒரு பக்கம் மேனேஜரும் குடோன் முதலாளியும். முதலாளி படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எதிரே நானும் அவளும். வெளியே மழை. முதலில் அவள் பாதி, சீக்கிரம் முடிந்தது. முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என் பாதி. அவள் ஒவ்வொரு குறையாகச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் முதலாளி, "அதானே" என்றார். அவர் ‘அதானே’ என்று சொல்லச் சொல்ல, நான் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இனி ஒரு வரி இருக்கு" என்றாள். "இதை மட்டும் நான் சத்தமா வாசிக்கணும்."

வாசித்தாள். நான் நெற்றியில் அடித்துக்கொள்வதற்குக் கையைத் தூக்கினேன்.

குடோன் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை யாரு எழுதினது?"

தூக்கின கை தூக்கினபடி நின்றது. பிரம்படியா பரிசா என்று தெரியாத பள்ளிக்கூடப் பையனைப் போல, "நான்தான்" என்றேன்.

"இது எப்படிய்யா உங்களுக்குத் தெரிஞ்சது?" என்றார் அவர். மலையாளத்தில்தான் சொன்னார், வியப்பு எந்த மொழியிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "மழைக்காலத்துல சுக்கு காத்துல இருக்கற ஈரத்தைக் குடிக்கும். மூட்டை கனக்கும். முன்னே ஒருத்தர்கிட்ட சாஃப்ட்வேர் வாங்கினேன். எடை கூடினா அது ஏத்துக்கவே ஏத்துக்காது, செவப்பா எழுதித் திட்டும். என் ஆளுங்க என்ன பண்ணுவாங்க? பழைய எடையையே போட்டு ஒப்பேத்தினாங்க. ஒரு மழைக்காலம் முழுக்கப் பொய். கடைசில நான் அதைத் தூக்கிப் போட்டுட்டேன். இதை உங்க யார்கிட்டயும் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை."

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் போன வாரம் கீழே போயி நின்னு பாத்தேன் சேட்டா. நல்ல மழை. முன்னாடி எடை போட்ட மூட்டையையே மறுபடியும் வெச்சாங்க, கூட காட்டுச்சு. இருப்பு உங்க பாதியாச்சே, உங்க கிட்ட சொல்லிரணும்னு மேலே ஓடி வந்தேன். தொறந்து பாத்தா நீங்க எழுதியே வெச்சிருக்கீங்க. சத்தியமா சொல்றேன், எனக்கு அசூயை ஆயிப்போச்சு."

அவளுக்கு. என் மேல். பொறாமை.

அந்த இரண்டு மூன்று நிமிஷங்களைப் போல ஒரு சுகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. நாற்காலியில் நிமிர்ந்தேன். மேனேஜர் என்னைப் புதிதாகக் கண்டுபிடித்த சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "இதாக்கும் அனுபவம்" என்றார். "பொத்தான் சார்கிட்டயே இருக்கட்டும். என்ன சொல்றீங்க?" முதலாளி தலையாட்டினார். முட்டாள்தனம் என்று நினைத்து நான் எழுதிய ஒரே வாக்கியம்தான் என் பாதியில் இருந்த ஒரே நல்ல வாக்கியம் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள அப்போது நேரமில்லை.

அதோடு எழுந்து சாயா குடிக்கப் போயிருக்கலாம்.

"ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "எவ்வளவு கூடினா ஏத்துக்கணும்னு வரம்பு போடல. வரம்பு இல்லைன்னா சோதிச்சுப் பாக்க முடியாதுல்ல. அப்புறம் யார் சொன்னதுன்ற கட்டத்துல கோடு மட்டும் இருக்கு. இவ்வளவு நல்ல வரி அநாதையா நிக்கக் கூடாது சேட்டா. உங்க பேரைப் போட்டுரட்டுமா? நாளைக்கு யாராச்சும் கேட்டா உங்க கிட்ட வந்துருவாங்க."

குடோன் முதலாளி மேஜைமேல் கையை ஊன்றி என்னை நோக்கிச் சாய்ந்தார். "அதானே. சுக்கு குடிக்கறது வேறே, மிளகு குடிக்கறது வேறே. நீங்க ரெண்டுக்கும் எவ்வளவுன்னு வெச்சிருக்கீங்க?"

"அது," என்றேன், "மழையைப் பொறுத்தது."

"அது எனக்கும் தெரியும்."

ஒவ்வொரு மழைக்காலத்திலும் என் போன் அடிப்பதும், சார் இன்றைக்குச் சுக்கு எவ்வளவு குடித்திருக்கும் என்று யாரோ கேட்பதும், நான் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்ப்பதும் கண்முன் வந்தது. என் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறிவிட்டால் இறங்காது. தப்பிக்க ஒரு ஜோக் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. கைக்கு அகப்பட்டது உண்மை ஒன்றுதான்.

"உள்ளதைச் சொல்லிடறேன்" என்றேன். "அதைத் தப்புன்னு நெனச்சுத்தான் எழுதினேன். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கற மாதிரி, நீங்கள்லாம் அதைப் பார்த்துட்டு மத்ததைப் பாக்காம இருக்கணும்னு. மூட்டைக்கு எடை கூடும்னு எனக்குச் சத்தியமா தெரியாது. நான் குடோனுக்குள்ளே கால் வெச்சதே இல்லை."

முதலில் சிரித்தது மேனேஜர். பிறகு குடோன் முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "திருஷ்டிப் பொட்டாம்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் மேனேஜர். அந்த அறையில் பல வருஷமாக நான் எவ்வளவோ ஜோக் அடித்திருக்கிறேன். இந்த அளவுக்கு ஒன்றுமே எடுபட்டதில்லை.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

"அப்போ அந்த வரியை எடுத்துடட்டுமா சேட்டா?"

கேலி இல்லை, கோபம் இல்லை. எழுதினவர் தப்பு என்கிறார், எழுதினவர் தப்பு என்று சொல்வதை எடுத்துவிட வேண்டும், அதுதான் முறை. அதையும் நான்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். அவளுடைய விரல் வாக்கியத்தின் பக்கத்தில் தயாராக இருந்தது.

சிரிப்பு அடங்கிவிட்டது. "ஐயோ, அதை எடுத்துறாதீங்கம்மா" என்றார் குடோன் முதலாளி.

இப்போது சொன்னது ஜோக்தான் என்று சொல்லி வாக்கியத்தை வைத்துக்கொண்டால் பொத்தான் எனக்கு. கூடவே சுக்கின் தாகமும் எனக்கு. இன்னொரு வழியும் இருந்தது.

"எடுக்காதே" என்றேன். "யார் சொன்னதுங்கற எடத்துல உன் பேரைப் போடு. கீழே போயி நின்னு பாத்தவ நீதானே."

பெருந்தன்மை என்று மேனேஜர் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெருந்தன்மை இல்லை, பயம். மழைக்காலம் தோறும் யாரோ என்னைச் சுக்கைப் பற்றிக் கேட்பார்களே என்ற பயம், அந்தக் கணத்தில் பொறாமையைவிட ஒரு நூல் அதிகமாக இருந்தது. அவ்வளவுதான். வேறொரு நாளாக இருந்திருந்தால், வெயில் காலமாக இருந்திருந்தால், என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அவள் தன் பெயரைப் போட்டாள். முதலாளியைப் பார்த்து, "சுக்குக்கு எவ்வளவு வரைக்கும் சரி, எதுக்கு மேலே போனா உங்களுக்குச் சந்தேகம் வரும்?" என்றாள். அவர் சொன்னார். "மிளகுக்கு?" சொன்னார். "வெயில் காலத்துல குறையுமே, அதுக்கு?" அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கமே வந்துவிட்டார். என்னுடைய ஒரு வாக்கியம் அவள் கையில் நாலு வாக்கியமாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தது. மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தீர்மானித்துவிட்டார் என்பது அவர் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

"சாரே," என்றார், மெதுவாக, என் தோளைத் தொட்டு, "இவங்க பாக்கட்டும். பொத்தான் இவங்ககிட்ட இருக்கட்டும். சாருக்கு நல்ல மனசு."

நல்ல மனசு. அதை எடுத்துக்கொண்டு என்ன செய்வது?

வெளியே வரும்போது அவள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். "நீங்க சொன்னது நெசந்தானே?" என்று கேட்டாள், யாருக்கும் கேட்காமல்.

"நெசம்."

"எனக்கு அப்பவே தெரிஞ்சது." கொஞ்ச தூரம் நடந்தபின், "தேங்க்ஸ் சேட்டா" என்றாள். நன்றி சொல்வதைக்கூட அவள் நன்றாகச் செய்தாள். நான் சொல்லியிருந்தால் அதில் ஒரு ஜோக் கலந்து கெடுத்திருப்பேன்.

மத்தியானம் வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்து முழுக்கதையும் சொன்னேன். மனைவி சாதத்தைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"அப்போ பொத்தான் போச்சு" என்றாள் கடைசியில்.

"போச்சு."

"அவளுக்கா?"

"அவளுக்கு."

"சாம்பார் விடட்டுமா?"

விட்டுக்கொண்டேன். தூங்கவில்லை. சீக்கிரமாகவே அலுவலகத்துக்குத் திரும்பினேன். என் திரையில் பொத்தான் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மழை, நெட் சரியில்லையோ என்னமோ என்று பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன். இன்னொரு தடவை ஏற்றினேன். அடுத்த வரிசையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"நெட் போச்சா சேட்டா?"

"இல்லை. சும்மா."

சும்மா என்று சொல்லிவிட்டு எத்தனை நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது? அவள் என் பாதியைப் பற்றி எழுதின குறைகளைத் திறந்தேன். பூட்டு அவிழ்ந்திருந்தது, திருத்தி அனுப்ப வேண்டியது என் பொறுப்பு, பார்த்து அமுக்க வேண்டியது அவள். ‘விரைவாக’ என்பதை அழித்து ஒழுங்காக எழுதினேன். அடுத்தது, தராசில் மூட்டை இருக்கும்போது கரண்ட் போனால். என்னமோ ஒன்றை எழுதிவிடலாம். எழுதினால் அந்தப் பெண் கட்டாயம், இதை யார் சொன்னது என்று கேட்பாள். கேட்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எழுந்தேன். படியிறங்கினேன்.

பாதிப் படியில் கீழேயிருந்து அவள் ஏறி வந்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எப்போது எழுந்து போனாள் என்றே தெரியவில்லை. கையில் குடை, கால் நனைந்திருந்தது.

"கரண்ட் விஷயமா சேட்டா? நான் கேட்டுட்டேன். கரண்ட் போனா அவங்க என்ன பண்ணுவாங்கன்னா..."

"சொல்லாதே" என்றேன்.

அவள் நிறுத்தினாள்.

"எனக்குச் சொல்லாதே. நானே போயி கேட்டுக்கறேன்."

படி குறுகல். அவள் குடையை மடக்கிச் சுவரோரம் ஒதுங்கி நின்று வழி விட்டாள்.